ஐம்பதிலும் வளையும் மூளை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் பழமொழி. குழந்தையைக் கண்டிக்கும் தாய் இதைச் சொல்கிறாள். மாணவனை எச்சரிக்கும் ஆசிரியர் இதைச் சொல்கிறார். புதிதாக ஒன்றைக் கற்கச் சோம்பும் நடுவயதினரும் இதையே சொல்லித் தம்மைத் தாமே மன்னித்துக் கொள்கின்றனர். பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களிற் குடியேறிய நமக்கு இப்பழமொழி வெறும் சொல் அன்று. புதிய ஊர், புதிய மொழி, புதிய வழக்கம் ஆகியவற்றின் முன்னே நாற்பதிலும் ஐம்பதிலும் நிற்கும் நம்மைப் பார்த்து அது கேட்கும் கேள்விக்கு விடை வேண்டும்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். மாற்றலாகிப் பெங்களூருக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. முப்பது நாளில் கன்னடம் கற்பிப்பதாகக் கூறிய புத்தகம் ஒன்றை வாங்கி, இரவுதோறும் சொற்பட்டியலை உருப்போட்டேன். காலையில் ஒன்றும் நினைவில் நில்லாது. ஆனால் தெருமுனைப் பால் கடைக்காரர் பாலைக் கையிற் கொடுத்துக்கொண்டே 'ஹாலு' என்று சொன்னாரே, அந்தச் சொல் அன்றே பதிந்தது. நம் பால் அங்கே ஹாலு. நம் பத்து அங்கே ஹத்து. நம் புலி அங்கே ஹுலி. ஒரு சொல்லும் அதற்குரிய பொருளும் ஒரே கணத்தில் வந்து சேரும்போது மட்டும் அது நிலைப்பானேன்? அந்தக் கேள்வி என் மனத்தின் ஒரு மூலையிற் கிடந்தது.

சில காலத்துக்குப் பின், நண்பர் ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் சுருக்கத்தைக் கொண்டுவந்து அதைத் தமிழில் எடுத்துச் சொல்லுமாறு கேட்டார். கையின் நரம்பையும் தலையின் மூளையையும் அடுத்தடுத்துத் தூண்டி, மூளை மாறுகிறதா என்று அளக்கும் ஒரு முறையைப் பற்றியது அது. விஞ்ஞானம் அறியாத நான் அதன் வரலாற்றைத் தேடிச் சென்றேன். அவ்வரலாற்றின் சில பகுதிகள், நான் நாள்தோறும் பஸ்ஸிற் கடந்து செல்லும் ஓசூர்ச் சாலையிலேயே நிகழ்ந்திருப்பதைக் கண்டு வியந்தேன். அந்தக் கதையையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

முதலிலே ஒரு சொல் என்னை வழிமறித்தது. 'பிளாஸ்டிசிட்டி' என்பது அது. அதைக் கண்டதும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குடமே நினைவுக்கு வந்தது. 'நெகிழ்ச்சி' என்று எழுதினேன். அதுவோ தமிழிலே உள்ளம் உருகுவதைக் குறிக்கிறது. மேலும், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் ரப்பரையும் நாம் நெகிழ்கிறது என்றே சொல்கிறோம். இங்குக் கருதப்படும் பொருள் வேறு. குயவன் சக்கரத்தின்மேல் இருக்கும் களிமண்ணை நினைத்துப் பாருங்கள். விரல் பட்ட இடத்தில் அது வளைகிறது. விரலை எடுத்த பிறகும் வளைந்த வடிவிலேயே நிற்கிறது. இத்தன்மைக்குக் 'குழைவு' என்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றிற்று. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் நூலிலே இத்தன்மையை விளக்குகையில், ஒரு பொருள் புற ஆற்றலுக்கு இணங்கும் அளவுக்கு மென்மையாகவும், ஒரேயடியாக இணங்கிவிடாத அளவுக்கு உறுதியாகவும் இருக்கவேண்டும் என்ற கருத்தைக் கூறினார். பழக்கம் என்பது இத்தகைய குழைவினால் உண்டாவது என்பது அவர் கொள்கை.

ஆயினும், அக்காலத்து நரம்பியல் அறிஞர் பலர் வளர்ந்தவரின் மூளைக்கு இக்குழைவு உண்டு என்று ஒப்பவில்லை. ஸ்பெயின் நாட்டு மேதை சாந்தியாகோ ரமோன் இ கஹால், இத்தாலிய அறிஞர் கோல்ஜி 1873 இல் கண்ட வெள்ளிச் சாய முறையைக் கையாண்டு, மூளையானது தனித்தனியான நரம்பணுக்களால் ஆயது என்பதை நிலைநாட்டியவர். இவ்விருவருக்கும் 1906 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கஹால் முன்னர், பயிற்சியினால் நரம்பணுக்களின் தொடர்புகள் வலுப்பெறக்கூடும் என்று எண்ணினார். ஆனால் 1913, 1914 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெருநூலிலோ, வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்த முடிபானவை, அங்கு அழிந்தது மீண்டும் முளைப்பதில்லை என்று கடுமையாகத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை வருங்கால விஞ்ஞானம் மாற்றினாலும் மாற்றலாம் என்ற நம்பிக்கையையும் அவரே உடன் எழுதி வைத்தார். உலகமோ தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டது, நம்பிக்கையை மறந்துவிட்டது. நம் பழமொழிக்கு ஐரோப்பாவின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு முத்திரை கிடைத்தது போலாயிற்று.

மூளை மாறாது என்ற நம்பிக்கை, நோயாளிகளுக்கு வெறும் கொள்கையாக நின்றுவிடுவதில்லை. அது சுவராகவும் பூட்டாகவும் மாறிவிடும். பெங்களூரில் 1847 ஆம் ஆண்டில் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தோன்றியது. அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய இல்லங்கள், நோயாளியைக் குணப்படுத்துவதைவிட அவரை ஊரினின்றும் பிரித்துக் காப்பதையே பெரும்பணியாகக் கொண்டிருந்தன. 1925 இல் மைசூர் அரசினர் காப்பகம் என்ற பெயரை நீக்கி, அதனை மனநோய் மருத்துவமனை என்று அழைக்கலாயினர். பெயர் மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் காப்பகம் என்பது ஒருவரை வைத்திருக்கும் இடம். மருத்துவமனை என்பது ஒருவர் குணமாகி வெளியேறக்கூடும் என்று நம்பும் இடம். அந்த மருத்துவமனையின் பிற்கால வடிவமே இன்று 'நிம்ஹான்ஸ்' என்று நாடறிந்த தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம். அதன் வாயிலில் வைகறையிலேயே வந்து காத்திருப்போரிடையே தருமபுரி, சேலம் பக்கத்துத் தமிழைக் கேட்காத நாள் இல்லை.

இனி, நரம்பையும் மூளையையும் அடுத்தடுத்துத் தட்டும் முறைக்கு எப்படி வழி பிறந்தது என்று பார்ப்போம். அதற்கு முதற்படி அமைத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகத்தை மனிதன் அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியரான யோஹன்னஸ் முல்லர் கருதியிருந்தார். மாணவரோ 1850 ஆம் ஆண்டில் தவளையின் காலிலுள்ள நரம்பைக் கொண்டு அதை அளந்து காட்டினார். விநாடிக்கு முப்பது மீட்டருக்கும் குறைவான வேகமே அது. மனிதனுடைய கை நரம்பில் வேகம் இதனினும் மிகுதி; என்றாலும், மணிக்கட்டைத் தட்டினால் அச்செய்தி மூளையின் மேற்பட்டையைச் சென்றடைய ஏறத்தாழ 20 மில்லி விநாடி ஆகிறது. ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டு அவற்றில் இருபதை எடுத்தால் வரும் நேரம் அது. இச்சிறு கணக்கை நினைவில் கொள்ளுங்கள். இக்கதையின் திறவுகோல் இதுவே.

இரண்டாம் படி கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் அமைந்தது. அங்கே வைல்டர் பென்பீல்டு என்னும் பெரும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளின் மூளையைத் திறந்து மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எப்பகுதி எந்த உறுப்பை இயக்குகிறது என்று படம் வரைந்து வந்தார். அவரிடம் 1937 முதல் 1939 வரை பணியாற்றினார் டொனால்ட் ஹெப் என்னும் உளவியலார். மூளையிற் பெரும் பகுதியை அறுத்தெடுத்த பின்னும் சிலருடைய அறிவாற்றல் அவ்வளவாகக் குன்றாதது அவரைச் சிந்திக்கச் செய்தது. 1949 ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டுவதில் மீண்டும் மீண்டும் பங்கு கொள்ளுமாயின், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொடர்பு வலுப்பெறும் என்பது அதன் மையக் கருத்து. ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கத் தெளிவாவதைப் போல என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஹெப்பிடம் அப்போது கருத்து இருந்தது. கண்கூடான சான்று இல்லை.

அதே 1949 இல் நம் தமிழகத்திலும் ஒரு நிகழ்ச்சி. பென்பீல்டின் நிறுவனத்திற் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி தாயகம் திரும்பி, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே முதல் இருப்பிடம். மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அத்தகைய துறையைத் தொடங்கினார். மான்ட்ரியலில் ஏற்றிய விளக்கின் ஒளி ஏட்டிலே ஒரு கொள்கையாகவும், வேலூரிலே ஒரு மருத்துவ மனையாகவும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பெங்களூரின் தொடர்பு 1954 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு மைய அரசினர் மனநோய் மருத்துவமனையின் வளாகத்தில் அகில இந்திய மனநல நிறுவனத்தைத் தொடங்கினர். டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். நோய் தீர்ப்பதோடு, நோயின் காரணத்தை ஆராய்வதும், மருத்துவர்களைப் பயிற்றுவதும் அதன் நோக்கங்களாயின. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1974 டிசம்பர் 27 ஆம் நாள், நிறுவனமும் மருத்துவமனையும் ஒன்றாயின, 'நிம்ஹான்ஸ்' பிறந்தது. 2012 ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தினால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

அதே 1954 இல், ஹெப் பணியாற்றிய மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் ஒரு விந்தையைக் கண்டனர். எலியின் மூளையிற் சில இடங்களில் நுண்ணிய கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயுமாறு செய்தால், எலி தானே சென்று அதை மீண்டும் மீண்டும் அழுத்துகிறது! இன்ப உணர்ச்சிக்கு மூளையில் வழி உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று. இம்முறையை எடுத்துக்கொண்டு வேறொரு கேள்வியைக் கேட்டவர்கள் நிம்ஹான்ஸ் நரம்பு உடலியல் துறையினர். இவ்வாறு தன்னைத் தானே தூண்டிக்கொண்ட எலியின் மூளை, அதன்பின் பழைய மூளையாகவே இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி.

சங்கரநாராயண ராவ், தேசிராஜு, ராஜு ஆகிய மூவரும் 1993 ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டனர். நன்கு வளர்ந்த எலிகளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரமாகப் பத்து நாட்கள் இவ்வாய்ப்பு அளிக்கப்பட்டது. பின்னர், கோல்ஜியின் அதே பழைய வெள்ளிச் சாய முறையால் மூளையின் நரம்பணுக்களைக் கறுப்பாகத் தோன்றச் செய்து, அவற்றின் கிளைகளை எண்ணினர். நினைவுக்குத் துணை செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும், உடலை இயக்கும் புறணியிலும் நரம்பணுக்களின் கிளைகள் மிகுந்திருந்தன. கஹால் எந்தச் சாயத்தைக் கொண்டு நரம்பணுவைக் கண்டாரோ, அதே சாயத்தைக் கொண்டு, வளர்ந்த மூளை மாறாது என்ற அவர் தீர்ப்புக்கு மாறான சான்றைப் பெங்களூர் ஆய்வாளர் கண்டனர். பத்தே நாட்களில், முதிர்ந்த மூளையில், புதிய கிளை!

ஆனால், அன்பர்களே, குழைவு என்பது எப்போதும் நன்மையே என்று எண்ணிவிடலாகாது. களிமண் குடமாகவும் வளையும், கோணலாகவும் வளையும். 2002 ஆம் ஆண்டில் பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சுமந்திர சட்டர்ஜியின் குழுவினரும் சங்கரநாராயண ராவும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அசையவொட்டாமல் பத்து நாட்கள் வைத்தனர். ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கின. ஆனால் அச்சத்துக்கு இருப்பிடமான அமிக்டலா என்னும் பகுதியில் கிளைகள் செழித்தன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. எலிகளை விடுவித்து 21 நாட்கள் ஓய்வு கொடுத்த பிறகும் அச்சத்தின் பகுதி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. துன்பமும் மூளைக்கு ஓர் ஆசிரியனே. அது கற்பித்த பாடத்தை மூளை எளிதில் மறப்பதில்லை.

இவை யாவும் விலங்குகளிடம் கண்டவை. மனிதனின் மண்டையைத் திறவாமல் இதை அறிவது எப்படி? ஆய்வு இரு வழியாக நடந்தது. ஒரு வழி, நரம்பணுத் தொடர்பு பற்றியது. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ ஆகிய இருவரும், முயலின் ஹிப்போகாம்பஸுக்குச் செல்லும் பாதையை விரைந்து பலமுறை தூண்டினால், அப்பாதையின் வலு பல மணி நேரம் மிகுந்தே நிற்பதை 1973 இல் வெளியிட்டனர். ஹெப்பின் கருத்துக்கு உடலிலே சான்று கிடைத்தது. 1997, 1998 ஆம் ஆண்டுகளில் எலியின் நரம்பணுக்களைக் கொண்டு செய்த நுட்பமான ஆய்வுகள் மேலும் ஒன்றைக் காட்டின. செய்தி அனுப்பும் அணு முன்னும், பெறும் அணு சற்றே பின்னும் விழித்தால் தொடர்பு வலுப்பெறும்; இவ்வரிசை முன்பின்னாக மாறினால் அதே தொடர்பு மெலியும். 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்கிறோம். அது நகரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்பக்கம் நகரும் என்பதை, அடியின் எண்ணிக்கை அன்று, அடியின் வரிசையே முடிவு செய்கிறது!

மற்றொரு வழி, கருவி பற்றியது. கம்பிச் சுருளில் மின்சாரம் விரைந்து மாறினால், அருகிலுள்ள பொருளில் மின்சாரம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831 இல் கண்டார். இதனைத் துணைக்கொண்டு, இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கரும் அவர்தம் துணைவரும் 1985 ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்தனர். கம்பிச் சுருளைத் தலையின் மேலே வைத்து ஒரு கணம் காந்த அலையைச் செலுத்தினால், மண்டையோட்டைக் கடந்து மூளையில் சிறு மின்சாரம் தோன்றுகிறது. கையை இயக்கும் பகுதிக்கு மேலே வைத்தால் கட்டைவிரல் தானே துடிக்கிறது. தசையின் மேல் ஒட்டிய தகடுகள் அத்துடிப்பின் அளவைப் பதிவு செய்கின்றன. மூளையின் வாசலைத் தட்டி, உள்ளே எவ்வளவு விழிப்பு இருக்கிறது என்று கேட்கும் கருவி என்று இதைக் கூறலாம்.

இவ்விரு வழிகளும் 2000 ஆம் ஆண்டில் கூடின. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்து ஸ்டீபன், கிளாசன் முதலிய ஆய்வாளர், மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பை முதலில் மெல்லிய மின்சாரத்தால் தட்டினர். 25 மில்லி விநாடி கழித்துத் தலையின் மேலிருந்து காந்த அலையால் மூளையைத் தட்டினர். மணிக்கட்டின் செய்தி மூளைக்குச் சென்று சேர 20 மில்லி விநாடி ஆகும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? ஆகவே, அச்செய்தி உள்ளே வந்து நின்ற உடனே இரண்டாவது தட்டு விழுகிறது. இருபது விநாடிக்கு ஒரு முறையாகத் தொண்ணூறு இணைகள். மொத்தம் அரை மணி நேரம். அதன் பின்னர், முன்பு செலுத்திய அதே அளவு காந்த அலையைத் தனியே செலுத்திப் பார்த்தால், கட்டைவிரற் தசையின் துடிப்பு முன்னிலும் பெரிதாயிருந்தது. அவ்விளைவு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் நின்று, பின்னர்த் தணிந்தது. இம்முறையை 'இணைத் தூண்டல்' என்று நாம் வழங்கலாம்.

இதன் பின்னர் வந்த சோதனைகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். 2003 இல் இடைவெளியை 25 இலிருந்து 10 மில்லி விநாடியாகக் குறைத்தனர். அப்போது, மணிக்கட்டின் செய்தி வந்து சேருமுன்பே மூளை தட்டப்படுகிறது, விளைவோ தலைகீழாகியது, துடிப்பு சிறுத்தது. பதினைந்தே மில்லி விநாடி வேறுபாடு, வலிமையை மெலிவாக்கிவிட்டது. நரம்பணுத் தொடர்பு வலுப்பெறுவதற்கு இன்றியமையாத வாயில் ஒன்றை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது விளைவே தோன்றவில்லை. அம்மருந்து வேறொன்றுமன்று, இருமலுக்குத் தரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்பதே. 2004 இல் கண்டதோ நம் போன்றோர் மனங்கொள்ள வேண்டியது. சோதனையின்போது தம் கையின் மேல் கவனம் வைத்தவர்களிடம் விளைவு நன்கு தோன்றிற்று. கவனத்தை வேறொன்றில் திருப்பியவர்களிடம் தோன்றவில்லை. கையும் அதே கை, மின்சாரமும் அதே மின்சாரம். மனம் அங்கே இல்லையெனில் மூளை குழைவதில்லை.

இக்குழைவை அளப்பதனால் நோயாளிக்கு என்ன பயன்? குழைவு மிகுவதும் நோய். குறைவதும் நோய் என்பதை இம்முறை காட்டுகிறது. எழுதுகோலைப் பிடித்ததும் விரல்கள் தாமே முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. எழுத்தர்களை வாட்டும் அந்நோயை முற்காலத்தில் பலர் மனப்பிரமை என்று தள்ளினர். அந்நோயுடையோரிடம் இணைத் தூண்டலின் விளைவு அளவுக்கு மீறியும், தூண்டப்படாத தசைகளுக்கும் பரவியும் இருப்பதை 2003 இல் ஓர் ஆய்வு கண்டது. எழுதிப் பிழைக்கும் எனக்கு அதைப் படித்தபோது உள்ளம் நடுங்கியது. ஓயாத ஒரே பழக்கத்தினால் குழையும் மூளை, எல்லை கடந்தும் குழைந்துவிடலாம்.

மனச்சிதைவு நோயிலோ இதற்கு மாறான நிலை. கனடாவின் டொரான்டோ நகர ஆய்வாளர் 2008 இல், இந்நோயுடையோரிடம் இணைத் தூண்டலின் விளைவு குன்றியிருப்பதைக் காட்டினர். நிம்ஹான்ஸ் ஆய்வாளரும் இதே காந்தக் கருவியைக் கொண்டு, பிறருடைய கையின் அசைவைப் பார்க்கும்போது பார்ப்பவரின் இயக்கப் பகுதி எவ்வளவு விழிப்படைகிறது என்று அளந்து, மனச்சிதைவு உடையோரிடம் அவ்விழிப்புக் குறைந்திருப்பதை 2014 இல் வெளியிட்டனர். பிறர் மனத்தை ஊகித்தறியும் திறமையோடு அக்குறைவு தொடர்புற்றிருந்தது. 2019 இல் அவர்களுள் ஒருவரும் அமெரிக்கப் பாஸ்டன் நகரத்து ஆய்வாளரும் சேர்ந்து, உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆய்ந்து, இந்நோயில் இயக்கப் புறணியின் குழைவு பொதுவாகவே குன்றியிருக்கிறது என்று காட்டினர்.

இதன் உட்பொருளை நோயாளியின் குடும்பத்தார் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். 'எத்தனை முறை சொல்லியும் இவன் கற்றுக்கொள்வதில்லையே' என்று தந்தை சலித்துக்கொள்கிறார். 'சோம்பல்' என்கிறது சுற்றம். 'பாவம்' என்கிறது ஊர். மணிக்கட்டில் ஒரு தட்டும் தலையில் ஒரு தட்டும் வைத்து அளந்தவர்களோ, சோம்பலென்று நாம் எண்ணியது மூளையின் குழைவிலேயே நேர்ந்த ஒரு குறையாகவும் இருக்கலாம் என்கின்றனர். குற்றம் என்று எண்ணியது குறையாகும்போது, தண்டனைக்குப் பதிலாக சிகிச்சையைத் தேடத் தோன்றுகிறது. 1847 இன் காப்பகம் நின்ற மரபிலேயே இவ்வளவீடுகளும் நடைபெறுகின்றன என்பதை எண்ணும்போது, அந்நிறுவனம் நடந்து வந்த தொலைவு புலனாகும்.

ஆயினும், ஆர்வத்தினால் அளவு கடந்து பேசலாகாது. இணைத் தூண்டல் முதன்மையாக ஓர் அளவுகோல்; மருந்து அன்று. அதன் விளைவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. சிலரிடம் ஒன்றுமே தோன்றுவதில்லை. அரை மணித் தூண்டலின் பயன் ஏறத்தாழ ஒரு மணியில் மறைகிறது. தண்டுவடம் ஓரளவே அடிபட்டவர்களிடம், மூளையிலிருந்து வரும் செய்தியும் கை நரம்பிலிருந்து செல்லும் செய்தியும் தண்டுவடத்தில் வந்து சந்திக்குமாறு நேரம் கணித்துத் தூண்டிய ஆய்வு ஒன்று 2012 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கையின் செயல் சிறிது நேரம் மேம்பட்டது. பின்லாந்து நாட்டில் மிகச் சிலரிடம் இதைப் பல வாரங்கள் தொடர்ந்து செய்து பார்த்திருக்கின்றனர். நம்பிக்கை தரும் தொடக்கம்தான், ஆனால் தொடக்கமே. தலையில் உலோகம் பொருத்தியவர்களுக்கும் வலிப்பு உடையோருக்கும் இக்காந்தக் கருவி ஆபத்தாகக்கூடும். ஆதலின், மூளையைக் கூர்மையாக்குவதாக விளம்பரம் செய்து விற்கும் கருவிகளை நம்பி வீட்டிலே சோதித்துப் பார்ப்பது தகாது.

இனி, நம் பழமொழிக்குத் திரும்புவோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வளையும் என்பதே இவ்வரலாறு தரும் விடை. ஆனால் அவ்விடைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இணைய வேண்டிய இரண்டும் உரிய நேரத்தில், உரிய வரிசையில் வந்து சேர வேண்டும். அது பன்முறை நிகழ வேண்டும். மனம் அங்கே இருக்க வேண்டும். நான் இரவில் உருப்போட்ட பட்டியலில் சொல் இருந்தது, பொருள் இல்லை, தூக்கக் கலக்கத்தில் மனமும் இல்லை. பால் கடையிலோ கையும் காதும் மனமும் ஒரே கணத்தில் கூடின. மணிக்கட்டுச் சோதனையையும் ஒரு மொழியைக் கற்பதையும் ஒன்றெனக் கூறிவிட முடியாது. மொழி அவ்வளவு எளிய பொருள் அன்று. எனினும், அந்தச் சோதனை என் பிழையை எனக்குக் காட்டிக் கொடுத்தது.

இப்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காலையில் பால் வாங்கும்போதும், பஸ்ஸில் சீட்டு வாங்கும்போதும், கறிக்காய் பேரம் பேசும்போதும் கன்னடத்திலேயே பேசுகிறேன். தவறு நேரும்போது கடைக்காரர் சிரிக்கிறார். அடுத்த கணமே திருத்துகிறார். அவர் உடனுக்குடன் திருத்துவதால் அத்திருத்தம் மனத்தில் நிற்கிறது. பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ ஐதராபாத்திலோ வாழும் அன்பர்களே, உங்கள் தெருமுனையிலும் அப்படி ஒரு கடைக்காரர் இருப்பார். அவரிடம் நாளைக் காலையில் அவருடைய மொழியிலேயே ஒரு சொல் சொல்லிப் பாருங்கள்.